தலைவியை எங்கே தேடுவது?

இயன்மருத்துவம் என்றால் என்னவென்று எங்கள் ஊர்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. யுத்தம் அதை விளக்கிவிட்டது. காலை இழந்தவர், முள்ளந்தண்டில் செல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர், எரிகாயத்தால் கை மடங்கிப்போன பிள்ளை என்று ஒழுங்கைக்கு ஒருவராவது இருக்கிறார்கள். ‘பிசியோ மிஸ்’ என்றால் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்படி ஒரு பிசியோ மிஸ்ஸாக 28 வருடங்கள் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான்.

பயிற்சிகளைப் பற்றியும் செயற்கைக்கால் பராமரிப்பைப் பற்றியும் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது வேறொன்று. எங்கள் தொழிலில் தலைமைப் பொறுப்புக்கு ஆட்களை எப்படி வளர்க்கிறோம், எப்படித் தெரிவு செய்கிறோம் என்பதுதான் அது. கேட்பதற்கு இது வெறும் அலுவலக விடயம் போலத் தோன்றும். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிழையான தெரிவுக்கு விலை கொடுப்பது கட்டிலில் கிடக்கும் நோயாளிதான் என்பதைப் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு.

2011 ஆம் ஆண்டு. வடக்கில் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்திய புனர்வாழ்வு நிலையத்தில் நான் இயன்மருத்துவப் பிரிவின் பொறுப்பாளராக இருந்தேன். அந்தப் பொறுப்பை விட்டு, வெளிக்களப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு மாறவிருந்தேன். எனக்குப் பின் வருபவரைத் தெரிவு செய்யும் நேர்முகப் பரீட்சைக் குழுவில் என்னையும் போட்டிருந்தார்கள். குழுவில் நால்வர். பெண் நான் ஒருத்திதான். இந்தத் தொழில் தெரிந்தவளும் நான் ஒருத்திதான்.

எங்கள் பிரிவிலேயே வேலை செய்த இருவர் விண்ணப்பித்திருந்தார்கள். இருவரும் கொழும்பு தேசிய வைத்தியசாலையோடு சேர்ந்த பயிற்சிப் பள்ளியில் படித்து டிப்ளோமா பெற்றவர்கள். ஒருவர் ஆண். நான்கு வருட அனுபவம். நல்ல ஆங்கிலம், கணினி அறிவு, வருகிற வெளிநாட்டவர்களோடு தயக்கமின்றிக் கதைக்கும் ஆற்றல் எல்லாம் இருந்தன. மற்றவர் பெண். அவரை நான் இந்தக் கட்டுரையில் தங்கச்சி என்றே எழுதுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஒன்பது வருட அனுபவம். அதில் பெரும் பகுதி வன்னியில். 2009 மே மாதத்துக்குப் பிறகு கணவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. இரண்டு பிள்ளைகள். தாயாரோடு இருந்தார்.

ஆண் விண்ணப்பதாரியிடம், இந்தப் பிரிவை எப்படி விரிவாக்குவீர்கள் என்று கேட்டார்கள். அவர் அழகாகப் பதில் சொன்னார். பிறகு தங்கச்சி வந்து கதிரையில் இருந்தார். முதல் கேள்வி இதுதான்: “உங்களுக்குச் சின்னப் பிள்ளைகள். கூட்டத்துக்கு வெளிமாவட்டம் போக வேண்டி வந்தால் பிள்ளைகளை யார் பாக்கிறது?”

“அம்மா நிற்கிறா, ஐயா” என்றார் தங்கச்சி.

“ஆண் துணை இல்லாமல் இந்தப் பொறுப்பைச் சமாளிப்பீங்களா?” என்று இன்னொருவர் கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. இரக்கத்தோடுதான் கேட்டார். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒரு வரியில்தான் பதில் வந்தது.

முதலில் வந்தவருக்கும் இரண்டு பிள்ளைகள். தங்கச்சியின் பிள்ளைகளை விடச் சிறியவர்கள். பிள்ளைகளை யார் பார்ப்பது என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. அது எனக்கு அந்த இடத்திலேயே உறைத்தது. ஆனால் நான் வாய் திறக்கவில்லை. முன்னால் இருந்த கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுமட்டுமல்ல, ‘தன்னம்பிக்கை’ என்றிருந்த கட்டத்தில் தங்கச்சிக்கு நானே குறைந்த புள்ளியைப் போட்டேன். தன்னம்பிக்கையைக் குறைக்கும் கேள்வியைக் கேட்டுவிட்டு, தன்னம்பிக்கை குறைவு என்று நாங்களே எழுதினோம்.

ஆண் விண்ணப்பதாரி தெரிவானார். அவரில் நான் குறை சொல்ல மாட்டேன். வேலையை நன்றாகவே செய்தார். பத்து மாதத்தில் அவருக்கு வெளிநாடு போகும் வாய்ப்பு வந்தது, போனார். தகுதி உள்ளவர்களை இந்த நாட்டில் பிடித்து வைத்திருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். பிழை எங்களிடம்தான் இருந்தது. ஒருவரைக் கதிரையில் இருத்தினோமே தவிர, அவருக்குப் பக்கத்தில் இரண்டாவது ஆள் ஒருவரை உருவாக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அவர் விமானம் ஏறிய அன்று, வெளிக்கள வாகனம் எந்த நாளில் எந்தக் கிராமத்துக்குப் போகிறது என்ற விபரம்கூட அவருடைய கணினிக்குள்தான் இருந்தது.

நான்கு மாதங்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர் இல்லை. நான் பயிற்சி வேலையாக வேறு மாவட்டங்களில் நின்றேன். ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். முழுவதையும் பார்க்க ஆள் இருக்கவில்லை.

அந்த நான்கு மாதத்தில் ஒரு பெடியனின் பெயர் வீட்டுத் தரிசிப்புப் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போனது. முண்ணாண் காயக்காரன். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இப்படிப்பட்டவர்களை வைத்துப் பராமரிக்கும் சகோதரிகளுக்கு இது தெரியும்: படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை புரட்டிவிட வேண்டும். சக்கர நாற்காலியில் இருக்கும்போது கையை ஊன்றி இடைக்கிடை உடம்பைத் தூக்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு அழுத்துகிற இடத்தில் இரத்த ஓட்டம் நின்று தோல் கறுத்து, உள்ளே அழுகத் தொடங்கும். உணர்வு இல்லாதபடியால் அவருக்கு நோகாது. நோகாதபடியால் யாருக்கும் தெரியவராது.

அந்தப் பெடியனின் தாய்க்குக் காய்ச்சல் வந்து இரண்டு கிழமை படுத்துவிட்டார். புரட்டிவிட ஆளில்லை. அந்தப் பக்கத்துக் கிராமத்துக்குப் போய்வந்த எங்கள் வெளிக்களப் பணியாளருக்கு விடயம் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் யாரிடம் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சொன்னால் தன் பகுதி அல்லாததில் தலையிடுவதாக நினைப்பார்களோ என்றும் பயந்திருக்கிறார். கடைசியில் அவனைக் கொண்டுவந்தபோது, நாரி எலும்பு தெரியுமளவுக்குப் புண். ஐந்து மாதம் வாட்டில் குப்புறக் கிடந்தான்.

நான் பார்க்கப் போயிருந்தேன். தாய் என்னைக் குறை சொல்லவில்லை. சொன்னது இதைத்தான்: “மெனிக் பாமில இருக்கேக்க இவனுக்கு ஒரு சின்னப் புண்கூட வரேல்லை மிஸ். தறப்பாள் கொட்டில், வெக்கை, தண்ணிக்கு வரிசை. அதுக்குள்ளயும் வரேல்லை. ஏனெண்டால் அங்க அந்தப் பிசியோப் பிள்ளை இருந்தவ.”

எந்தப் பிள்ளை என்று கேட்டேன். அவர் சொன்ன பெயர் எங்கள் தங்கச்சியின் பெயர்.

பிறகு அந்தத் தாய் சொல்லச் சொல்லக் கேட்டேன். அவர்கள் இருந்த கொட்டில் வரிசையில் எழுந்து நடக்க முடியாத காயக்காரர் ஏழு பேர் இருந்திருக்கிறார்கள். தங்கச்சியும் தன் இரண்டு பிள்ளைகளோடு அதே வரிசையில். கட்டில் இல்லை, மெத்தை இல்லை. அவர் அந்தத் தாய்மாரையும் மனைவிமாரையும் கூப்பிட்டு, பழைய சீலைகளை மடித்துக் குதிக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையில் எப்படி வைப்பது, ஒரு ஆளை இரண்டு பெண்கள் எப்படி நோகாமல் புரட்டுவது, தோல் சிவக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று காட்டியிருக்கிறார். இரவில் எல்லோரும் விழித்திருக்க முடியாது. அதனால் முறை போட்டிருக்கிறார். முறைக்காரப் பெண் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பி, சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் தட்டுவார். மற்றக் கொட்டில்களில் இருந்து ஒருவர் எழும்பி வருவார். இருவருமாக ஏழு பேரையும் புரட்டிவிட்டுப் படுப்பார்கள்.

“பிறகு அவவை வேற வலயத்துக்கு மாத்திப்போட்டினம். நாங்கள் முறையை விடேல்லை. மீள்குடியேற விடும் மட்டும் தட்டுத் தட்டினனாங்கள்” என்றார் அந்தத் தாய்.

நான் வாட்டை விட்டு வெளியே வந்து மரத்தடி வாங்கில் கொஞ்ச நேரம் இருந்தேன். தலைமைத்துவம் என்ற சொல்லை வைத்து எத்தனை பட்டறைகளுக்குப் போயிருக்கிறேன். அந்தப் பெண் போன பிறகும் அவர் போட்ட முறை நடந்தது. இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்? அவர் எனக்கு அடுத்த அறையில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். தன் விண்ணப்பத்தில் இதை அவர் எழுதவில்லை. எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடமும் இருக்கவில்லை. ‘பணியாற்றிய நிறுவனங்கள்’ என்ற தலைப்பின் கீழ் அகதி முகாமை எப்படி எழுதுவது?

அன்று எங்கள் தொழிலின் தொடக்கக் கதை எனக்கு ஞாபகம் வந்தது. படிக்கும் காலத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கிய பெயர்கள்தான். ஆனால் அவற்றை நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

இயன்மருத்துவத்தை ஒரு தொழிலாக நிலைநிறுத்தியவர்கள் பெண்கள். 1894 ஆம் ஆண்டு இங்கிலாந்தில், உடம்பு பிடித்துவிடும் சிகிச்சை என்ற பெயரில் விபசார விடுதிகள் நடப்பதாகப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல் எழுதியது. நேர்மையாக அந்த வேலையைச் செய்துவந்த பெண்களின் பெயரும் சேர்ந்து கெட்டது. அப்போது தாதித் தொழிலிலும் மருத்துவிச்சித் தொழிலிலும் இருந்த நான்கு பெண்கள் ஒன்றுசேர்ந்தார்கள். லூசி ரொபின்சன், ரொசலின்ட் பேஜெட், எலிசபெத் மான்லி, மார்கரெட் பாமர் என்பவை அவர்களின் பெயர்கள். ‘நாங்கள் நல்லவர்கள்’ என்று வாதாடிக்கொண்டிருக்காமல் அவர்கள் ஒரு சங்கத்தை அமைத்தார்கள். பரீட்சை வைத்தார்கள். வைத்தியரின் பணிப்பு இல்லாமல் சிகிச்சை செய்யக்கூடாது என்பது போன்ற ஒழுங்கு விதிகளை எழுதினார்கள். அந்தச் சங்கத்துக்கு 1920 இல் அரச பட்டயம் கிடைத்தது. இன்று பிரித்தானிய இயன்மருத்துவர்களின் சங்கமாக இருப்பது அதுவே.

அந்த நால்வரையும் யாரும் நேர்முகப் பரீட்சை வைத்துத் தெரிவு செய்யவில்லை. ஒரு அவமானம் வந்தபோது அதைத் தாங்கி நின்று வழி சொன்னபடியால் தலைவிகளானார்கள். அவர்கள் செய்த கெட்டித்தனம், தாங்கள் இல்லாவிட்டாலும் நடக்கக்கூடிய பரீட்சையையும் விதியையும் விட்டுச் சென்றது.

இன்னொருவர் மேரி மக்மிலன். 1880 இல் அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1918 இல், அமெரிக்க இராணுவ வைத்தியசாலையில் காயமடைந்தவர்களுக்குச் சிகிச்சை செய்யச் சேர்ந்தார். அவ்வளவு காயக்காரருக்கும் ஒருவரால் சிகிச்சை செய்ய முடியாது. அதனால் போர்ட்லண்ட் நகரிலுள்ள ரீட் கல்லூரியில், இளம் பெண்களுக்கு அவசர வகுப்பு நடத்திப் பயிற்சி கொடுத்தார். போர் முடிந்ததும் அந்தப் பெண்களைச் சேவையிலிருந்து விடுவித்தார்கள். வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்ற மாதிரித்தான். அவர்கள் கலைந்து போகவில்லை. 1921 ஜனவரியில் நியூயோர்க்கில் ஓர் உணவகத்தில் 30 பேர் கூடி, பெண் சிகிச்சையாளர்களின் சங்கத்தை அமைத்தார்கள். மேரி மக்மிலன் அதன் முதல் தலைவியானார். இரண்டு வருடத்தில் பதவியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தார்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. பதவி போன பிறகும் அவர் கற்பிப்பதை நிறுத்தவில்லை. 1932 இல் சீனாவுக்குப் போய், பீக்கிங் நகரின் மருத்துவக் கல்லூரியில் இயன்மருத்துவம் கற்பித்தார். 1941 இல் ஊர் திரும்பும் வழியில் மணிலாவில் நின்றபோது போர் வந்து பிடித்துக்கொண்டது. யப்பானியர் அவரைச் சாந்தோ தோமாஸ் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். அப்போது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. அந்த முகாமுக்குள்ளும், தன்னோடு அடைபட்டிருந்தவர்களுக்கு இயன்மருத்துவச் சிகிச்சை நடத்தினார்.

முட்கம்பிக்குள் சிகிச்சை நடத்திய மேரி மக்மிலனின் பெயரில் அமெரிக்காவில் ஆண்டுதோறும் நினைவுப் பேருரை நடக்கிறது. முட்கம்பிக்குள் தட்டுத் தட்டி முறை போட்ட எங்கள் தங்கச்சிக்குத் தன்னம்பிக்கை போதாது என்று நான் புள்ளி போட்டிருந்தேன்.

அடுத்த நாள் தங்கச்சியிடம் போய்ப் பொறுப்பை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் மறுத்தார்.

“எனக்கு ஏலாது அக்கா. என்னை விடுங்கோ. அண்டைக்கு அந்தக் கதிரையில இருந்தது காணும்.”

எனக்கு அது சுட்டது. ஆனால் அவர் மறுத்தது ஒருவகையில் நியாயம் என்பதும் விளங்கியது. ஒருவரிடம் ஆற்றல் இருக்கிறது என்பதற்காக நாளைக்கே பொறுப்பைத் தலையில் வைத்தால், அது அவருக்குச் செய்யும் உதவி அல்ல. முகாமில் ஏழு பேரைப் பார்த்தவருக்கு, வரவு செலவுக் கணக்கும் ஆங்கில அறிக்கையும் மாவட்டச் செயலகக் கூட்டமும் புதிது. அவை கடினமானவை அல்ல. பழக்கம் இல்லாதவை. பழக்க வேண்டியது எங்கள் கடமை.

தற்காலிகமாகப் பொறுப்பை நானே திரும்ப எடுத்துக்கொண்டேன். ஒரு வருடம் கேட்டு வாங்கினேன். தங்கச்சியை மட்டுமல்ல, பிரிவில் இருந்த இன்னும் இருவரையும் சேர்த்து மூவரைப் பழக்கத் தொடங்கினோம். ஒருவரை மட்டும் பழக்கினால் அது முடிசூட்டுவது போலாகிவிடும். அவர் போனால் மறுபடியும் வெறுங்கதிரைதான்.

முதல் மூன்று மாதம், கிழமைக் கூட்டத்தை மூவரும் முறைவைத்து நடத்தினார்கள். எந்த நோயாளிக்கு முன்னேற்றம் இல்லை, ஏன் இல்லை என்பதுதான் கூட்டத்தின் முதல் விடயம். யாரில் பிழை என்பதை முதலில் கேட்கக்கூடாது என்று ஒழுங்கு வைத்தோம். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அந்த வெளிக்களப் பணியாளர் பயந்ததுதான் அந்தப் பெடியனின் புண்ணுக்குக் காரணம் என்பதை நான் மறக்கவில்லை.

அடுத்து, வாகன ஒழுங்கு, மருந்துப் பொருள் பதிவேடு, செயற்கை அவயவப் பகுதிக்குக் கொடுக்கும் கட்டளைகள். பிறகு மாதாந்த அறிக்கை. தங்கச்சி முதலில் தமிழில் எழுதுவார். இருவருமாக இருந்து ஆங்கிலத்தில் போடுவோம். நான்காம் மாதம் அவரே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தார். பிழைகள் இருந்தன. ஆனால் நோயாளிகளைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

கச்சேரிக் கூட்டங்களுக்கு என்னோடு கூட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் சிக்கல் வந்தது. அவரைக் கதைக்கச் சொல்லிவிட்டு, அவர் இரண்டு வசனம் கதைத்ததும் நான் நடுவில் புகுந்து மிச்சத்தைச் சொல்லி முடித்துவிடுவேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் மெதுவாகச் சொன்னார்:

“அக்கா, கோவிக்காதேங்கோ. நீங்கள் பக்கத்தில இருக்கேக்க நான் என்ன சொன்னாலும் அவையள் உங்கட முகத்தைப் பாத்திட்டுத்தான் தலையாட்டினம்.”

எனக்கு ஒரு நிமிடம் முகம் சிவந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், இதை எனக்குத் தொழிலே கற்பித்திருக்க வேண்டும். காலிழந்த ஒருவருக்குச் செயற்கைக்கால் போட்டு நடை பழக்கும்போது முதலில் இரு பக்கமும் கம்பியைப் பிடித்து நடக்க விடுவோம். நாங்கள் இடுப்பைப் பிடித்திருப்போம். பிறகு இடுப்புப் பட்டியை மட்டும் பிடிப்போம். பிறகு பிடிக்காமல் பக்கத்தில் நடப்போம். கடைசியில் எட்டி நின்று பார்ப்போம். முந்திக் கையை எடுத்தால் விழுந்துவிடுவார். பிந்தி எடுத்தால், எங்கள் கை இல்லாமல் ஒருநாளும் நடக்க மாட்டார். கையை எப்போது எடுப்பது என்பதில்தான் எங்கள் தொழிலின் கெட்டித்தனம் இருக்கிறது. நோயாளிகளில் அதைச் சரியாகச் செய்த எனக்கு, ஒரு சக பெண்ணில் செய்யத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவரைத் தனியே அனுப்பினேன். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. பின்னேரம் வந்தார். கேட்ட நான்கு விடயங்களில் மூன்றுக்குச் சம்மதம் வாங்கியிருந்தார். நான் போயிருந்தாலும் மூன்றுதான் கிடைத்திருக்கும்.

2013 இல் பதவிக்கு மறுபடியும் விண்ணப்பம் கோரினோம். இந்த முறை தெரிவுக் குழுவில் நான் சில விடயங்களைக் கேட்டுச் செய்வித்தேன். கேள்விகளை முதலே எழுதி வைத்தோம். எல்லோரிடமும் அதே கேள்விகளைத்தான் கேட்பது, எழுதாத கேள்வியைக் கேட்பதில்லை என்று தீர்மானித்தோம். விண்ணப்பப் படிவத்தில், ‘சம்பளம் இல்லாமல் நீங்கள் பொறுப்பெடுத்து நடத்திய வேலை ஏதாவது இருந்தால் எழுதுங்கள்’ என்று ஒரு பகுதியைச் சேர்த்தோம். முகாம், கோயில், பாடசாலை, சங்கம் எதுவென்றாலும் எழுதலாம். நேர்முகப் பரீட்சைக்கு முதல், வெளிக்களப் பணியாளர்களிடமும் சிற்றூழியர்களிடமும் நோயாளிகள் சிலரிடமும் தனித்தனியே ஒரே கேள்வியைக் கேட்டோம். ‘உங்களுக்கு வேலையில் ஒரு பிழை நடந்துவிட்டால் முதலில் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?’ பெரும்பாலானோர் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்.

தங்கச்சி தெரிவானார். எல்லோருக்கும் அது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ‘புருஷன் இல்லாத பெண்ணுக்கு இரக்கப்பட்டுக் கொடுத்தது’ என்று சிலர் கதைத்தார்கள். அவரும் பிழை விடாமல் இருக்கவில்லை. முதல் மாதத்திலேயே வாகன ஒழுங்கைப் பிழையாகப் போட்டு, ஒரு கிராமத்து நோயாளிகள் நாள் முழுக்கக் காத்திருந்தார்கள். அடுத்த கிழமைக் கூட்டத்தில் அந்தப் பிழையை முதல் விடயமாக அவரே சொன்னார். அதற்குப் பிறகு மற்றவர்களும் தங்கள் பிழைகளைச் சொல்லத் துணிந்தார்கள்.

இந்த அனுபவத்தில் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இயன்மருத்துவத்துக்கு மட்டுமல்ல, நீங்கள் அங்கம் வகிக்கும் மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், சேமிப்புக் குழு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

நன்றாகக் கதைப்பவரைத் தலைவி என்று நினைத்துவிடக் கூடாது. கதைக்கப் பழக்கலாம். மற்றவர் கஷ்டத்தில் எழும்பி வருகிற மனத்தைப் பழக்குவதுதான் கடினம்.

நல்ல சிகிச்சையாளர் எல்லோரும் நல்ல பொறுப்பாளராவதில்லை. தனக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கிறாரா, தன் பிழையை மறைக்காமல் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

தெரிவு நாளில் தேடத் தொடங்கினால் பிந்திவிட்டது. அதற்கு முதல் ஒரு வருடமாவது இரண்டு மூன்று பேருக்குச் சின்னச் சின்னப் பொறுப்புகளைக் கொடுத்துப் பழக்க வேண்டும். பிழை விட இடம் கொடுக்க வேண்டும்.

பொறுப்பில் இருப்பவர், தான் போகும் நாளை முதலே மனதில் வைத்து வேலை செய்ய வேண்டும். பல சங்கங்களில் ஒருவரே வருடா வருடம் தலைவியாக இருக்கிறார். ‘வேறு ஆள் இல்லை’ என்கிறார்கள். வேறு ஆள் இல்லை என்றால், அத்தனை வருடமும் இருந்தவர் ஒரு ஆளையும் உருவாக்கவில்லை என்றுதான் அர்த்தம். நானும் அப்படி இருந்தவள்தான்.

ஆணிடம் கேட்காத கேள்வியைப் பெண்ணிடம் கேட்கக் கூடாது. யாராவது கேட்டால், பக்கத்தில் இருப்பவர் பேசாமல் இருக்கக் கூடாது.

இன்று பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் படித்துப் பட்டம் பெற்ற இளம் இயன்மருத்துவர்கள் வருகிறார்கள். அறிவில் எங்களை விட எவ்வளவோ மேல். நோயாளிகளும் மாறிவிட்டார்கள். செல்லுக்கும் மிதிவெடிக்கும் காலைக் கொடுத்தவர்கள் போய், நீரிழிவால் காலை இழந்தவர்களும் பாரிசவாதம் வந்தவர்களும் கூடிவிட்டார்கள். யுத்த காலத்துக் காயக்காரருக்கும் வயது ஏறுகிறது. அவர்களைப் பராமரித்த தாய்மார் கிழவிகளாகிவிட்டார்கள். இனி அவர்களை யார் புரட்டிவிடுவது என்ற கேள்வி இருக்கிறது. இதற்கெல்லாம் முறை போடவும் ஒழுங்கு செய்யவும் தலைமை வேண்டும். அந்தப் பெடியன் இப்போது சக்கர நாற்காலியில் இருந்தபடி தையல் கடை வைத்திருக்கிறான். கடையில் மணிக்கூடு ஒன்று அடித்துக்கொண்டே இருக்கும். அது அடிக்கும்போதெல்லாம் கையை ஊன்றி உடம்பைத் தூக்குவான்.

சென்ற வருடம் தங்கச்சி தொலைபேசியில் கூப்பிட்டார். தனக்கு உதவிப் பொறுப்பாளர் ஒருவரைத் தெரிவு செய்யும் நேர்முகப் பரீட்சை அன்று நடந்ததாம். இந்த முறை அவர் குழுவின் தலைவி. விண்ணப்பித்தவர்களில் ஒரு இளம் தாய். கைப்பிள்ளைக்காரி. குழுவில் இருந்த ஒருவர், “பிள்ளையை யார்…” என்று தொடங்கியிருக்கிறார்.

“நான் கேள்வித் தாளை அவருக்கு முன்னால தள்ளி வைச்சிட்டு, ‘ஐயா, அந்தக் கேள்வி இதில இல்லை’ எண்டு சொன்னனான், அக்கா” என்றார்.

“பிறகு?”

“பிறகு என்ன, அடுத்த கேள்விக்குப் போனம்.”

சகோதரிகளே, 2011 இல் அதே மாதிரி ஒரு மேசையில் இருந்து நான் சொல்லியிருக்க வேண்டிய வசனம் அது. எனக்குச் சொல்ல வரவில்லை. அவருக்கு வந்தது. நாளைக்கு உங்கள் ஊரில் ஒரு கூட்டத்தில் யாரையாவது தெரிவு செய்ய உங்களைக் கூப்பிட்டால், முன்வரிசையில் இருப்பவர்களை மட்டும் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தாதீர்கள். இரவில் தட்டுத் தட்டி மற்றவர்களை எழுப்பியவள் பின்வரிசையில் எங்காவது இருப்பாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.